விலக்குப் பிடித்தவன்

என் தங்கச்சி கிளடிஸின் முன்பல் இரண்டும் கட்டின பல். இடது மணிக்கட்டுக்குள் ஒரு தகடு இருக்கிறது, குளிர் கூடினால் அது நோகும். இரண்டுக்கும் காரணம் அவளுடைய புருசன் றொய்சன். அவனை அவளுக்குப் பேசிக் கட்டிவைத்தவன் நான், கிறிஸ்துநாயகம். எழுதும்போதே எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. வரட்டும்.

கிளடிஸ் மன்னாரில் மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவள். இருபத்திரண்டு வயதில் ரொறன்ரோவில் வந்து இறங்கினாள். மூன்றாம் வாரம் முதல் அடி. குழம்பில் புளி கூடிவிட்டதாம். பிறகு காரணமும் தேவைப்படவில்லை. பகலில் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி எலும்பு பிரிக்கும் வேலை. எட்டு மணித்தியாலம் கத்தியோடு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அடி வாங்குவாள். கத்தி பிடிக்கத் தெரிந்தவள் ஏன் சும்மா இருந்தாள் என்று சிலர் பகிடியாகக் கேட்பார்கள். அவர்கள் வாயில் ஒன்று போடலாம் போல் இருக்கும்.

போன வருடம் யூலையில் அவன் அவளைத் தலைமுடியில் பிடித்து இழுத்துச் சமையலறை மேசையில் மோதினான். மகள் ஏஞ்சலா பொலிசுக்கு ஃபோன் அடித்துவிட்டாள். கிளடிஸ் இருக்கும் இடத்துக்குக் கிட்டவும் அவன் போகக்கூடாது என்று கோட்டில் நீதவான் தடை போட்டார். அவள் வோபர்ன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மன்றை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தாள். சனி ஞாயிறுகளில் ஒலிந்தாவிடம் வேலைக்குப் போனாள்.

ஒலிந்தா அசோர்ஸ் தீவிலிருந்து வந்த போர்த்துக்கீசக் கிழவி, எழுபது வயது, புருசன் இல்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே ஒன்றேகால் மணித்தியாலம் ஓடினால் அவளுடைய தோட்டம் வரும். அறுத்துவிட்ட சோளக்காட்டுக்கு நடுவே ஒரு பழைய வைக்கோல் கொட்டில். அதுதான் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது, மெனு கிடையாது. தெரிந்தவர்கள் ஃபோன் பண்ணிவிட்டு வருவார்கள், கிழவி சமைத்ததைச் சாப்பிடுவார்கள். கிளடிஸை அங்கே நிறுத்தியது கருவாடு. உப்புப் போட்டுக் காயவைத்த கொட் மீனைக் கிழவி ஊறவைத்திருக்க, இவள் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, இன்னும் இரண்டு தண்ணி மாற்றவேண்டும் என்றாளாம். பேசாலைக்காரிக்கு இதுகூடத் தெரியாதா? கிழவி அன்றே ஏப்ரனை எடுத்து நீட்டிவிட்டாள்.

ஏஞ்சலாவுக்கு அடுத்த மே மாதம் கலியாணம் என்று நாள் குறித்தார்கள். தகப்பன் இருக்கத்தக்கதாய் பிள்ளை தனியே கோயிலுக்குள் நடக்கிறதோ என்று நாலு பேர் என்னைக் கேட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புருசன் பெண்சாதிக்கு நடுவில் கோட்டுக் கடதாசிக்கு என்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஒரு மேசையில் இருத்திச் சாப்பிடவைத்தால் எல்லாம் சரிவரும், அந்நியர் முன்னால் இவளும் சத்தம் போடமாட்டாள் என்று பெரிய மனுசனாகக் கணக்குப் போட்டேன்.

"மடு மாதாவாணை, மச்சான், நான் ஒண்டும் செய்யமாட்டன்" என்றான் றொய்சன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவனை என் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். தெரியாத ஆட்கள் போல மேசைக்குச் சொல்லியிருந்தேன்.

அது அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பன்றி வெட்டும் நாள். கொட்டிலுக்கு வெளியே குறுக்கு வளை மரத்தில் பன்றி இரண்டாகப் பிளந்து தொங்கியது. கீழே பனி சிவந்து கிடந்தது. காலையில் பன்றியைப் பிடித்து அமுக்கிய நாலு ஆம்பிளைகள் மூலை மேசையில் வைன் குடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் கத்தி இறக்குவது ஆம்பிளையின் வேலை, பீறிடும் இரத்தத்தைச் சட்டியில் ஏந்திக் கட்டிபடாமல் கையால் துழாவுவது பெண்ணின் வேலை. இந்த முறை அதைச் செய்தது புதிதாக வந்த ஒரு பெண் என்று கிழவி எங்களுக்குப் புளுகமும் பெருமையுமாகச் சொன்னாள். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரியாது.

கீரை போட்ட உருளைக்கிழங்கு சூப் வந்தது. சோளமாப் பாண் வந்தது. ஒலிவ் எண்ணெயில் மிதந்த கொட் மீன், பொரித்த இரத்தச் சொசேஜ், மட்டியோடு சமைத்த பன்றி இறைச்சி. றொய்சன் வழித்துச் சாப்பிட்டான். மூன்றாவது கோப்பை வைன் உள்ளே போனது. நானும் சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு மீனை நான் கனடாவில் சாப்பிட்டதில்லை. அது அவளுடைய கைப்பக்குவம் என்று தெரிந்தே சாப்பிட்டேன்.

கிளடிஸ் தட்டத்தோடு குசினியிலிருந்து வந்தாள். எங்களைக் கண்டாள். தட்டத்தைப் பக்கத்து மேசையில் மெல்ல வைத்தாள்.

"அண்ணை, நீங்களோ இவரைக் கூட்டியந்தது?"

"சத்தம் போடாத பிள்ளை. ஒருக்கா இதில இரு. ஏஞ்சலாவின்ர கலியாணத்துக்காக எண்டாலும்..."

"எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை. இவர் இப்ப வெளியில போகவேணும். இல்லாட்டி நான் பொலிசுக்கு அடிக்கிறன்." ஏப்ரன் பைக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தாள்.

"பொலிசோ? பண்டி ரத்தம் அளையிறவளுக்கு வாயைப் பார்!"

றொய்சன் எழும்பி அவளுடைய கையில் அடித்தான். ஃபோன் சுவரில் மோதி விழுந்தது. அடுத்தது கன்னத்தில் விழுந்தது. கிளடிஸ் பின்வாங்கவில்லை. இரண்டு கையாலும் அவனுடைய நெஞ்சில் பிடித்துத் தள்ளினாள். இருபத்துநாலு வருடத்தில் அவள் அவனைத் தள்ளி நான் கண்டது அன்றைக்குத்தான். அவன் கதிரையோடு சரிந்தான்.

நான் பாய்ந்து எழும்பினேன். விலக்குப் பிடிக்கத்தான் எழும்பினேன், சத்தியமாக. பின்னாலிருந்து கிளடிஸின் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிக் கட்டிப் பிடித்தேன். "விடு பிள்ளை, விடு" என்று சொன்னேன். அவளுக்குச் சொன்னேன், அவனுக்கு இல்லை.

றொய்சன் வைன் இருந்த மண் கூசாவை எடுத்து அவளுடைய முகத்தில் அடித்தான். கூசா உடைந்தது. அடியின் அதிர்ச்சி அவளுடைய முதுகு வழியாக என் நெஞ்சுக்கு வந்தது. உடைந்த பிடியால் இன்னொரு தரம் குத்தினான். அவளால் கையை உயர்த்த முடியவில்லை. நெற்றியிலிருந்து வந்த இரத்தம் என் விரல்களுக்கு மேலால் சூடாக ஓடியது.

மூலை மேசை ஆம்பிளைகள் நாலு பேரும் வந்து அவன்மேல் விழுந்தார்கள். காலில் இரண்டு பேர், நெஞ்சில் ஒருவர், கையை முறுக்கினபடி ஒருவர். ஏதோ எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. றொய்சன் கத்தினான். அந்தக் கத்தல் எனக்கு இனித்தது. பொய் சொல்லமாட்டேன்.

அதற்குள் ஒலிந்தா என்னிடம் ஓடிவந்து என் கையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். விடு, விடு என்று அவளுடைய மொழியில் கத்தினாள். நான் இன்னமும் கிளடிஸைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

அரை மணித்தியாலத்தில் பொலிசும் அம்புலன்சும் வந்தன. அதிகாரி ஒரு இளம் பெண். கிளடிஸ் நெற்றியில் துவாயை அழுத்திக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அடித்தது யார் என்று கேட்க, றொய்சனைக் காட்டினாள். இவர் யார் என்று என்னைப் பற்றிக் கேட்டாள் அதிகாரி. கிளடிஸ் துவாயைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கையையும் தன் உடம்பைச் சுற்றிப் போட்டு இறுக்கிக் காட்டினாள்.

"எவ்ரி ரைம்" என்றாள். ஒவ்வொரு முறையும்.

உண்மைதான். அவளுடைய பல் போன அன்று நான் அந்த வீட்டில் இருந்தேன். மணிக்கட்டு முறிந்த அன்றும் இருந்தேன். மாப்பிள்ளைமேல் கை வைக்கக்கூடாது, அது எங்கள் முறை. தங்கச்சியைப் பிடிக்கலாம். இரண்டு தரமும் அவளைத்தான் பிடித்தேன். பிடித்துவிட்டு, சண்டையை விலக்கிவிட்டேன் என்று வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன்.

"மச்சான், சொல்லடா! அவள்தான் முதல் தள்ளினவள் எண்டு சொல்லடா!" ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி றொய்சன் கத்தினான்.

அதிகாரி என்னைப் பார்த்தாள்.

"முதல் அடிச்சது அவன். நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எல்லாத் தரமும்" என்றேன். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். அழுகை வந்தது. கிளடிஸ் என் பக்கம் திரும்பவில்லை.

அதிகாரி அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, புருசனோடு சேர்த்து வேறு யாரையும் உன் கிட்ட வராமல் தடுக்கவேண்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். கிளடிஸ் ஓம் என்று தலையாட்டினாள்.

அந்த ஆளின் பெயரைக் கேட்டாள் அதிகாரி. என் பெயர் நீளமானது, கனடாவில் யாரும் சரியாக எழுதுவதில்லை. கிளடிஸ் வாயில் ஊறின இரத்தத்தைத் துப்பிவிட்டு, எழுத்தெழுத்தாக, கடைசி எழுத்துவரை சொல்லிக்கொடுத்தாள்.