குண்டூசி குத்திய தொடை

என் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் பெயர் 'பேன்ட்காரர்'. சட்டை தைக்கக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். பேன்ட் மடிப்பிலிருந்து உருவுகிற குண்டூசியை டப்பாவில் போட மாட்டார். தன் தொடைத்துணியில் குத்திக்கொள்வார். "டப்பா எதுக்கு வாங்கி வச்சிருக்கேன்?" என்று நான் கத்தாத நாளே இல்லை.

பத்து வருடத்துக்கு முன் இடது முட்டியில் ஆபரேஷன். காயம் ஆறிவிட்டது, வலி போகவில்லை. வலது காலை நம்பித்தான் மெஷினை மிதித்தார். போன வருடம் படியில் விழுந்து வலது முட்டிச்சில்லும் உடைந்தது. இதுவும் இடதைப் போல ஆனால் தையலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த முறை ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரம்மா, தொடை நரம்பைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார். கண் விழித்ததிலிருந்து இவருக்கு ஒரே குழப்பம். "வலிக்கவே இல்லையே, என்னமோ தப்பு நடந்திருக்கு." எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வலித்தால் ஆறுதல் சொல்லலாம். வலிக்காதவருக்கு என்ன சொல்வது?

சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சும்மா கிடக்க முடியாமல், பாதியில் விட்ட பேன்ட்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி வாங்கினார். நான் வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தால், வலது தொடைமேல் போர்வையில் நாலு குண்டூசி, நாலு ரத்தப்பொட்டு.

"யாரு ரத்தம் இது? துணி கறையாயிடும்" என்றார் மனுஷர்.

"உங்க ரத்தம்தாங்க!"

போர்வையையே பார்த்தார். அழுதுவிட்டார். "இது என் காலே இல்லடி. நரம்பை அறுத்துட்டாங்க."

டாக்டரம்மா ஓடிவந்து ஊசிகளைப் பிடுங்கி, மருந்து வைத்து, ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் உட்கார்ந்தார். "நாளைக்கு உணர்ச்சி வந்துடும். ஆரம்பத்துலேயே வலி ரொம்ப இருந்தா நரம்பு அதையே பழகிக்கிட்டு, காயம் ஆறினப்புறமும் வலிச்சுக்கிட்டே இருக்கலாம். அப்படிப் பழகாம இருக்கத்தான் இந்த மரத்துப்போற ஊசி."

"அப்போ இனி வலிக்காதா?" என்றேன் நான்.

"வலி தங்கிப்போற வாய்ப்பு குறையலாம். எழுதிக் கொடுக்க முடியாது."

மறுநாள் உணர்ச்சி வந்தது, கொஞ்சம் வலியும் வந்தது. வலித்ததற்குச் சந்தோஷப்பட்டார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் விழித்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு முழு பேன்ட்டை மிதித்து முடித்து எழுந்தார். வழக்கம்போலக் கை இடது முட்டிக்குப் போனது.

"வலது எப்படிங்க இருக்கு?"

யோசித்தார். "அட, அது ஞாபகமே இல்லடி."

பத்து வருடமாக இடது முட்டியை ஒரு மணி நேரம்கூட மறந்தவரில்லை. டாக்டரம்மா போட்ட ஊசியாலா, அதிர்ஷ்டத்தாலா, எனக்கு இன்னும் புரியவில்லை. குண்டூசி டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளே போய் அழுதேன்.