சரோ ரீச்சர் தூக்கி எடுத்த கல்

“தையல் ரீச்சருக்குச் சுவர் கட்டுற இடத்திலை என்ன வேலை, மாஸ்ரர்?”

எங்கள் சனசமூக நிலையத் தலைவர் ஒருமுறை என்னிடம் கேட்ட கேள்வி இது.

அந்தத் தையல் ரீச்சர், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சரோ ரீச்சர், இன்று விடியற்காலை போய்விட்டார். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே.

தலைவர் உடனே அஞ்சலி போஸ்ட் போட்டுவிட்டார். “கட்டடப் பணியில் எம்மை வழிநடத்திய தாய்” என்று. இவ்வளவு வேகத்தை அவரிடம் நான் முன்பு கண்டதில்லை.

அதிலுள்ள படத்தைப் பாருங்கள். நடுவில் மாலையோடு பிரதம விருந்தினர், கையில் ஒரு சீமெந்துக் கல். பக்கத்தில் தலைவர், பல்லெல்லாம் தெரிய. ரீச்சர்? ஓரத்தில், பாதி முகம்...

அந்தப் படத்தின் கதையைச் சொல்கிறேன்.

போன மாதம் ஊர் கூடிச் செய்த சிரமதானம் அது. எங்களிடம் படித்த செல்விக்கு மலசலகூடம் கட்டுவதற்காக. போரில் ஒரு காலை இழந்தவள். இன்றும் ஊன்றுகோலோடு குறுகலான மண் ஒழுங்கையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குத்தான் போய்வருகிறாள். மாரி தொடங்கினால் ஒழுங்கை முழுக்கச் சேறு. சேற்றில் ஊன்றுகோல் நிற்காது.

அன்று காலையிலேயே சீமெந்துச் சாந்து குழைத்தாயிற்று. விருந்தினரைக் காணவில்லை. “அவர் வந்து முதல் கல்லை வைக்கட்டும்” என்று தலைவர் ஒருவரையும் தொடவிடவில்லை.

அப்பத்துக்கு மாவைக் கரைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம், மா பொங்கியிருக்கும். சீமெந்து அப்படியல்ல. என் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் இது விளங்கியிருக்கும்.

வெயில் ஏறிய பிறகு விருந்தினர் வந்தார். மாலை, பொன்னாடை, பேச்சு, இன்னொரு பேச்சு... சாந்து இறுகிவிட்டது.

“கொஞ்சம் தண்ணி விட்டுக் குழையுங்கோவன்” என்றார் தலைவர்.

“பழஞ்சோத்துக்கெண்டால் தண்ணி விடலாம். உது செத்த சாந்து” என்றார் ரீச்சர்.

“படம் எடுக்கத்தானே ரீச்சர்... உதிலை என்ன?”

விருந்தினர் கல்லை வைத்தார். படம் எடுத்தார்கள். ரோல்ஸ் சாப்பிட்டார்கள். அவருடைய வாகனம் ஒழுங்கையைத் தாண்ட முதல், ரீச்சர் அந்தக் கல்லை ஒரு கையால் தூக்கினார். சாந்து பிடிக்காததால், மேசையிலிருந்து கொப்பி எடுப்பதுபோல வந்தது.

“இந்தாங்கோ தலைவர். வீட்டை கொண்டுபோய் ஷோகேசிலை வையுங்கோ.”

செல்விதான் பலமாகச் சிரித்தாள். அதற்குப் பிறகு நிலையக் கமிட்டியில் ஒருவரும் செல்வியின் வீட்டு வளவுக்கு வரவில்லை.

ஞாயிறுகளில் ரீச்சரும் நானும் இன்னும் இரண்டு பேரும் போனோம்.

ரீச்சர் இந்த வேலையைப் படித்தது, இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்த காலத்துச் சிரமதானங்களில். மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரங்களில், மேசனோடு நின்று கேட்டுக் கேட்டுப் படித்தது.

எனக்கும் படிப்பித்தார். கல்லை நனைத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அது சாந்தின் தண்ணீரைக் குடித்துவிடும். கீழ் வரிசை மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் மூட்டு வரக்கூடாது. நான் கல்லில் ஓங்கித் தட்டினால் ஏச்சு விழும்.

“மாஸ்ரர், அது கல்லு. நீங்கள் தலையிலை குட்டிப் படிப்பிச்ச பெடியனில்லை. மெல்லத் தட்டுங்கோ.”

“நான் ஒருத்தருக்கும் குட்டினதில்லை, ரீச்சர்.”

“ஓம், ஓம். அதுதான் ஒருத்தனும் கணக்குப் பாஸ் பண்ணேல்லை.”

ஒருநாள் ஒரு முழு வரிசையை நானே வைத்து முடித்தேன். ரீச்சர் நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கல்லாகக் கழற்றிக் கீழே வைத்தார்.

“செல்வி உதிலை சாஞ்சு நிக்கப்போறவள், மாஸ்ரர்...”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பக் கட்டினேன்.

சுவர் இப்போது நெஞ்சளவில் நிற்கிறது. கூரையில்லை, கதவில்லை. மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

ஆனால் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பனர் வந்துவிட்டது. அதற்குக் கம்பு நட, கிடங்கு கிண்ட எத்தனை பேர்! மண்வெட்டி பிடிக்க இவர்களுக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதினமாக இருக்கிறது.

நாளைக்கு இரங்கல் உரைகள் இருக்கின்றனவாம். பேசுங்கள். திருப்பிக் கதைக்க ரீச்சர் இல்லை என்பது உங்களுக்கு எவ்வளவு வசதி...

போய்வாருங்கள் ரீச்சர். நான் இப்போது மெல்லத்தான் தட்டுகிறேன்.

மற்றவர்களுக்கு: மாலை வாங்க வேண்டாம். வருகிற ஞாயிறு செல்வியின் வளவுக்கு வந்து, உங்கள் கையால் ஒரு கல்லை வைத்துப் பாருங்கள்.