விக்கெட் கீப்பருக்கு லீவு எப்போது?

வளைகுடாவில் நாங்கள் வேலை செய்யும் முவைலாவில் வெயில் காலத்தில் கிரிக்கெட் நின்றுவிடும். அணிக்கு ஆள் சேர்ப்பது அப்போதுதான். அண்ணன் இங்குள்ள எங்கள் அணியின் கேப்டன். நான் அதன் முதல் ரசிகை. போன டிசம்பரில் இறுதிப் போட்டியன்று எங்கள் விக்கெட் கீப்பர் லீவில் ஊருக்குப் போய் கிறிஸ்மஸ் கேக் தின்றுகொண்டிருந்தார். அதனால் தோற்றோம். இப்போது அவர் வேலை மாறி வேறு ஊரான சோஹாருக்கே போய்விட்டார்.

அந்த இடத்துக்கு இருவர் வந்தார்கள். எங்கள் ஊர்க் கடற்கரைக்காரர் சிக்ஸராக அடிப்பார். யாழ்ப்பாணத்துக்காரர் நிதானமாக ஆடுவார்.

"நம்ம பயலையே எடுப்போம்," என்றான் அண்ணன்.

"லீவு எப்பன்னு கேட்டியா?"

"ஏட்டி, இது டீமு. ஒனக்க ஆபீஸு இல்ல."

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கம்பெனியில் எல்லோருடைய லீவு விண்ணப்பமும் என் மேசைக்குத்தான் வரும். இருவரிடமும் நானே கேட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு டிக்கெட் போட்டாச்சு தங்கச்சி," என்றார் கடற்கரைக்காரர்.

"நான் நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் போறனான்," என்றார் மற்றவர். அது ஆகஸ்டில், நல்ல வெயிலில்.

அண்ணன் முனகிக்கொண்டே அவரை எடுத்தான். டிசம்பரில் அவர் ஒரு பந்தையும் பின்னால் விடவில்லை. கோப்பை எங்கள் அறைக்கு வந்தது.

அடுத்த வெயிலில் ஒருவர் மட்டையோடு வந்து நின்றார். அண்ணன் மட்டையைப் பார்க்கவே இல்லை.

"லேய், ஒனக்கு லீவு எப்ப?"