நைட்டித் துணியில் ஓர் அவசரப் பை

1. மேசை இல்லாத வீடு

முதல் நாள் டிரெய்னிங்கிலேயே எனக்கு அசிங்கமாகிவிட்டது. திருவொற்றியூர் கடலோரக் குப்பம் ஒன்றில், கோயில் வாசலில் பெண்களை உட்காரவைத்து நிலநடுக்கப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தரை ஆடினால் ஓடாதீர்கள், மேசைக்கு அடியில் போய்த் தலையை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். முன்வரிசையில் மீன் விற்கும் தேவி கையைத் தூக்கினாள்.

"எங்க வூட்ல மேச எங்க கீது மேடம்?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயாதான் பதில் சொல்ல எழுந்தாள். அவளும் நானும் ஒரே தொண்டு நிறுவனத்தில் ஒரே மாதம் சேர்ந்தவர்கள், ஒரே சம்பளம். உள்சுவர் ஓரமாகக் குந்திக் கையால் தலையை மூடிக்கொள்ளுங்கள், அதுபோதும் என்றாள். பிறகு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தலைக்கு நேர்மேலே பரணில் அடுக்கியிருந்த பித்தளை அண்டாவையும் கிரைண்டர் கல்லையும் காட்டி, பூமி கொல்வதற்கு முன்னால் இது கொன்றுவிடும், முதலில் இறக்கு என்றாள். பெண்கள் அப்போதே இறக்கினார்கள்.

அன்று எனக்கு டீ கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு கவரில் நெத்திலி கட்டிக் கொடுத்தார்கள். நான் மேடம், அவள் அக்கா. மாத்தூர் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை அந்த நெத்திலியையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நெத்திலி பிடிக்காது என்பது வேறு விஷயம்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அனுபவம் என்றால் எனக்கு விஜயாதான். பொறாமை இல்லாமல் எழுதலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், ஒரு பக்கம்கூட நகரவில்லை. அதனால் அதோடேயே எழுதுகிறேன்.

2. நீலப் பை

குப்பத்தில் இரண்டு தெரு. கோயில் தெரு எனக்கு, கடலை ஒட்டிய தெரு விஜயாவுக்கு. வீட்டுக்கு ஓர் அவசரப் பை தயார் செய்வதுதான் வேலை. குடிநீர், பொரி, பால் பவுடர், ஓஆர்எஸ், டார்ச், விசில், தினமும் சாப்பிடும் மாத்திரை, மாற்றுத் துணி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ். மணலி ஆலைகள் பக்கமிருந்து கேஸ் நெடி வந்தால் நனைத்து மூக்கில் கட்ட ஒரு துண்டு. பூகம்பமோ புயலோ வெள்ளமோ, கதவைத் தாண்டும்போது கை அந்தப் பையை எடுக்க வேண்டும்.

அந்த வருடம் மேனேஜர் சார் எங்கள் இருவரில் ஒருவரை எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் கோ-ஆர்டினேட்டர் ஆக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். யார் தெரு நன்றாக நிற்கிறதோ அவருக்குத்தான் பதவி. எனக்கு அது வேண்டும். விஜயாவுக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவும் வேண்டும்.

நான் பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பை கண்டுபிடித்தேன். தடித்த நீல ரெக்சின், வாயைச் சுருட்டிக் கிளிப் போட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது. அதற்குத் தோதாகத் தண்ணீரில் விழுந்தாலும் எரியும் டார்ச். ஸ்பான்சர் பிடித்து என் தெரு முழுக்கக் கொடுத்தேன். கதவோரச் சுவரில் ஒரே மாதிரி ஆணி, ஒரே மாதிரி நீலம். மேனேஜர் சார் வந்து போட்டோ எடுத்துத் தள்ளினார். விஜயா தெருவுக்கும் இதே பையைக் கொடுக்கலாமே என்று அவர் கேட்டபோது, கடையில் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

அவள் தெருவில் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுக்கு ஒரு பழைய நைட்டியை வாங்கி, கோயில் பக்கத்து டெய்லரிடம் கொடுத்துப் பை தைத்தாள். உள்ளே பால் கவர்களை ஒட்டவைத்த ஒரு பிளாஸ்டிக் உறை. வெளியே ரோஜாப்பூ, மயில், மாங்காய், சாயம் போன சூரியகாந்தி. கதவுக்குக் கதவு நைட்டி தொங்கியது. பார்க்கவே கலீஜாக இருந்தது. நான் அதைச் சொல்லவும் செய்தேன், ஆபீஸில், நாலு பேர் காதில் விழும்படி. விஜயா சிரித்துவிட்டு, "இருந்துட்டுப் போவட்டும் கற்பகம்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

3. முகாம்

புயல் எச்சரிக்கை வந்தது. கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் முன்னாலேயே திரும்பிவிட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் கரை என்பது கொட்டிவைத்த பாறைதான். போட்டை அங்கே விட்டால் அலை தூக்கி அடித்துச் சுக்கலாக்கிவிடும். அதனால் ஆண்கள் ஃபைபர் போட்டுகளைக் காசிமேட்டுத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்க் கட்டி, போட்டிலேயே காவலுக்குத் தங்கிவிட்டார்கள். எப்போதும் உள்ள வழக்கம்தான். வீட்டைப் பெண்கள் பார்ப்பார்கள், போட்டை ஆண்கள் பார்ப்பார்கள்.

மதியமே இரண்டு தெருவிலும் தண்ணீர் ஏறியது. பெண்களையும் பிள்ளைகளையும் பள்ளிக்கூட முகாமுக்கு அழைத்துப் போனோம். நான் முகாம் வாசலிலேயே நின்றுகொண்டேன். நீலப் பை வரிசையாக உள்ளே வருவதை மேனேஜர் சார் பார்க்க வேண்டும், விஜயாவும் பார்க்க வேண்டும்.

முதலில் அவள் தெரு வந்தது. ரோஜாப்பூ, மயில், மாங்காய், சூரியகாந்தி, எல்லாம் தோளில். பிறகு என் தெரு வந்தது. எல்லாரும் வெறுங்கை. தேவி மட்டும் இடுப்பில் கைக்குழந்தையோடு, சொட்டச் சொட்ட நனைந்து வந்தாள்.

பை எங்கே என்று கேட்டேன். கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"போட்ல கீது மேடம்" என்றாள் தேவி. "நீ குட்த பை அவ்ளோ சோக்கா இருந்துச்சா, தண்ணியே பூராது. உள்ள இருந்த பால் பவுடரோட செல்லு, லைசென்ஸு, பீடின்னு அல்லாத்தையும் அதுல போட்டுகினு தெனம் கடலுக்கு எட்த்துகினு பூடுது அந்தாளு. டார்ச்சும் அப்பவே போட்டுக்குப் பூட்ச்சு."

என் தெரு முழுவதும் அதே கதைதான். மீன்பிடிக்கும் வீட்டில் நனையாத பொருள் எது வந்தாலும் அது போட்டுக்குத்தான் போகும். யாரும் திருடவில்லை, யாரும் மறைக்கவுமில்லை. மனைவியே துடைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கடலில் நிற்பவனுக்குத் தேவை அதிகமா, சுவரில் அடித்த ஆணிக்குத் தேவை அதிகமா? ஒரு வருடம் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன், ஆணிகள் காலியாக இருப்பதைப் பார்க்கவில்லை. மேனேஜர் சார் வரும் நாளில் முன்கூட்டியே சொல்லி அனுப்புவேன், எல்லாரும் எடுத்து மாட்டிவைப்பார்கள்.

நைட்டிப் பையை எந்த ஆண் தொடுவான்? ரோஜாப்பூ நைட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினால் காசிமேடே கேலி பண்ணும். விஜயா அதற்காகத்தான் நைட்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இது என் மண்டையில் ஏறிய அந்த நிமிஷம், தேவியின் குழந்தை குளிரில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

மாங்காய்ப் பைக்காரி ஒருத்தி உலர்ந்த துணியை எடுத்தாள். சூரியகாந்திப் பையிலிருந்து பால் பவுடர் வந்தது. விஜயா குழந்தையை வாங்கித் துடைத்து, துணி சுற்றி, தேவியின் மடியில் திரும்ப வைத்தாள். கொஞ்ச நேரத்தில் என் தெருப் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். குழந்தை பால் குடித்ததில் எனக்கு உயிர் வந்தது, சத்தியமாக. அந்தப் பால் அவள் தெருப் பாலாக இருந்ததில் அந்த உயிர் பற்றிக்கொண்டு எரிந்தது, அதுவும் சத்தியம்.

4. பெயர்

புயல் முடிந்து ஆபீஸில் கூட்டம். என் கதை முடிந்தது என்று தெரியும். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். விஜயா எழுந்து பேசினாள். போட்டில் மாட்டிக்கொண்ட ஆண்களுக்குக் கற்பகத்தின் நீலப் பைதான் உணவும் வெளிச்சமுமாக இருந்தது, பால் பவுடரைக் கரைத்துக் குடித்துத்தான் காவல் இருந்தார்கள், தன் தெரு போட்டுகளுக்கும் அந்தப் பை வேண்டும் என்றாள்.

"வூட்டுக்கு ஒண்ணு, போட்டுக்கு ஒண்ணு சார். போட்டுப் பைய கற்பகத்த விட்டா யாருக்கும் வாங்கத் தெரியாது."

மேனேஜர் சார் தலையாட்டினார். அவளைக் கோ-ஆர்டினேட்டர் ஆக்கினார், என்னை அவளுக்குக் கீழே போட்டுப் பைக்குப் பொறுப்பாக்கினார். அவள் என்னை மட்டம் தட்டியிருந்தால் வாழ்நாள் முழுக்க நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருக்கலாம். நல்ல யோசனை மட்டும்தான் அவளுடையது என்று நினைத்தேன், நல்ல மனசும் அவளுடையதாகவே இருந்துவிட்டது. அதை மட்டும் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு நான் ஓய்வு பெறும்வரை குப்பம் குப்பமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அவசரப் பையை வீட்டில் வேறு யாரும் ஆசைப்படாத பொருளில் செய்யுங்கள். கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள், பரணில் போடாதீர்கள். மாத்திரையையும் பால் பவுடரையும் தேதி பார்த்து மாற்றுங்கள். வீட்டு ஆண் வெளியே கொண்டுபோக ஒன்று வேண்டும் என்றால் அவனுக்குத் தனியாகக் கொடுங்கள். பார்க்கப் போகும்போது சொல்லாமல் போங்கள்.

கடைசியாக நான் எடுத்த டிரெய்னிங் எண்ணூரில், எங்களில் யாரும் அதுவரை கால் வைக்காத ஒரு தெருவில். விஜயா அன்று வரவில்லை. இந்த ஒருமுறையாவது அவள் பெயரைச் சொல்லாமல் முடிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். நைட்டிப் பையை என் யோசனை போலவே எடுத்துக் காட்டி, ஏன் நைட்டி என்று விளக்கினேன். எல்லாரும் நன்றாகக் கேட்டார்கள். என் மனசு குளிர்ந்துபோனது.

முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, வீட்டுக்குள் போய், கதவுக்குப் பின்னாலிருந்து வாழைப்பூ நிற நைட்டியில் தைத்த ஒரு பையைக் கழற்றி எடுத்து வந்தாள். திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்த அவள் தங்கை தைத்துக் கொடுத்ததாம்.

"தோ, எங்க வூட்லயும் கீதுக்கா" என்றாள். "விஜயாக்கா பைதான இது?"

ஆமாம் என்றேன்.