மூடிக்குள் இருந்த பெயர்

இது நடந்தது. மைசூர் விஜயநகரில், பட்டப்பகலில் நடந்தது. நஞ்சுண்டசாமியின் இடது கையைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டார்கள். சிரிக்க நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நஞ்சுண்டசாமிக்கு அறுபத்தெட்டு வயது. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் முன்னாலும் முதுகு வளைத்ததில்லை. மகள் மோகனப்ரியாவுக்கு நிச்சயம் குறித்திருந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயத்தன்று பெண்ணின் தகப்பனார் தன் கையில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கட்டிவிட வேண்டும்.

அதற்காகத்தான் பெட்டியைத் திறந்து, இறந்துபோன தன் அப்பா சித்தையனின் கைக்கடிகாரத்தை எடுத்தார். சாவி கொடுக்கும் பழைய கடிகாரம். மலிவானதுதான். முட்கள் 3.20-இல் நின்றிருந்தன.

"ஓடாத வாட்ச்சக் கட்டுனா சம்மந்தி என்னங்க நெனப்பாங்க? புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமுங்க" என்றாள் மனைவி பஞ்சவர்ணம்.

"எங்கய்யன் வாட்ச்சத்தான் கட்டுவேன்."

மறுநாள் காலை 11.10. சேகரனின் கடிகாரக் கடை.

சேகரன் பின்மூடியைத் திறந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"உள்ள அச்சு ஒடிஞ்சிருக்கு ஸார். இதே மாதிரி இன்னொரு வாட்ச்ல இருந்துதான் எடுக்கணும். வாட்ச் விலைக்கு மேல செலவாகும். பேடா ஸார், வேணாம், விட்டுடுங்க."

"எங்கய்யன் மொத ராகி வித்தப்ப புதுசா வாங்குனதுங்க. ஓட வெச்சே ஆகோணும்."

சேகரன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிகாரங்கள் மாறிவிடாமல் இருக்க, மூடியின் உட்புறத்தில் சொந்தக்காரர் பெயரையும் தேதியையும் ஊசியால் கீறி வைப்பார்கள்.

"உங்கப்பா பேரு சித்தையன்னுதானே சொன்னீங்க? இதுல வேற பேரு இருக்கே ஸார்..."

"வாசிக்காதீங்க."

"இல்ல ஸார், அதே பேரு ரெண்டு தடவ, ரெண்டு தேதியில..."

"எங்கய்யன் அடுத்தவன் பொருளத் தொட்டவரில்லீங்க. அத அழிங்க."

"அழிக்க மாட்டோம் ஸார். அடுத்துத் திறக்கறவனுக்கு அதுதான் அடையாளம்."

நஞ்சுண்டசாமி மேசையில் கிடந்த உப்புத்தாளை எடுத்தார். மூடியைப் பிடுங்கினார். எழுத்துகளைப் பார்க்கவேயில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தார். உலோகம் பளபளக்கும் வரை தேய்த்தார்.

மணி 11.32.

டிக்... டிக்... டிக்...

சேகரன் மேசையிலிருந்து கையை இழுத்துக்கொண்டார். "அச்சு ஒடிஞ்சது ஓடக்கூடாது ஸார்."

"எங்கய்யன் வாட்ச்சுங்க" என்றார் நஞ்சுண்டசாமி. மூடச் சொல்லி, நேரம் வைக்கச் சொல்லி, கையில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

பிற்பகல் 3.05. வீட்டுக் கூடம். கடிகார வார் இறுகுவது போலிருந்தது. கழற்றப் பார்த்தார். கொக்கி அசையவில்லை.

3.12. விரல்கள் நீலமாகிவிட்டன. எங்கிருந்தோ புது ரத்தத்தின் வாடை.

3.16. யாரோ அவர் முன்கையைப் பிடித்தார்கள். குளிர்ந்த ஐந்து விரல்கள். கூடத்தில் யாருமில்லை.

கை தானாக உயர்ந்தது. சுவரில் மோதியது. மீண்டும் மோதியது. எலும்பு நொறுங்கும் சத்தம் சமையலறை வரை கேட்டது.

பஞ்சவர்ணம் ஓடி வந்தபோது, அவர் பின்கட்டை நோக்கித் தரதரவென்று இழுபட்டுக்கொண்டிருந்தார். இழுப்பவர் யாரும் தெரியவில்லை.

துவைக்கும் கல்லில் இடது கை நீட்டி வைக்கப்பட்டது. பக்கத்தில் தேங்காய் வெட்டும் கொடுவாள்.

அவருடைய வலது கை அதை எடுத்தது.

"புடி... பஞ்சவர்ணம், என் கையப் புடி..."

அவள் இரண்டு கைகளாலும் தொங்கினாள். அவளையும் சேர்த்துத் தூக்கியது அந்தக் கை.

டிக்... டிக்...

3.20.

ஒரே வெட்டு.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். துண்டான கையைப் பஞ்சவர்ணம் பார்க்காமலே துண்டில் சுற்றிப் பனிக்கட்டிப் பையில் போட்டாள். 3.55-க்கு ஆஸ்பத்திரி. பக்கத்துத் தெருக் கடையிலிருந்து செய்தி கேட்டுச் சேகரனும் வந்துவிட்டார். உடனே கொடுத்தால் ஒட்டிவிடலாம் என்று டாக்டர் பையை வாங்கிப் பிரித்தார்.

பஞ்சவர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, அவர் கை எங்க?"

"இதுதானுங்களே..."

"இது காஞ்சு பல வருஷம் ஆகியிருக்கும்."

விறகு போல் கறுத்துச் சுருங்கிய கை. மணிக்கட்டில் கடிகாரம் இல்லை. வார் பதிந்த தடம் மட்டும் இருந்தது. தடத்துக்கு மேலே பச்சை குத்திய நான்கு எழுத்துகள். டாக்டருக்குத் தமிழ் படிக்க வராது. பஞ்சவர்ணம்தான் வாசித்தாள்.

"மாதையன்."

சேகரன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "மூடியில நான் பார்த்த பேரு..."

துவைக்கும் கல்லைச் சுற்றி மூன்று நாள் தேடினார்கள். நஞ்சுண்டசாமியின் கை கிடைக்கவில்லை.

நான்காம் நாள் ஹனூரிலிருந்து சித்தையனின் தங்கை நாச்சம்மாள் பார்க்க வந்தாள். எண்பத்தைந்து வயது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தேங்கா வெட்டறப்ப பட்டுருச்சுன்னு சொல்லிருக்கேன் அத்தை" என்றார் நஞ்சுண்டசாமி. "எங்கய்யன் பேரு கெட்டுறக் கூடாது. சம்மந்தி வூட்டுல மூச்சு விட்றாதீங்க."

நாச்சம்மாள் அவருடைய கட்டுப் போட்ட கையையே பார்த்தாள்.

"நான் அறுவது வருசமா மூச்சு உடுலீயே சாமி. மாதேஸ்வரன் மலைக்குப் போற தடத்துல நம்மூரு மாதையன் செத்துக் கெடந்தான். எடது கை இல்ல. எல்லாரும் தேடுனாங்க, கெடைக்கவே இல்ல."

தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"பொணம் கெடக்குதுன்னு மொதல்ல ஊருக்குள்ள வந்து சொன்னது எங்கண்ணன்தான். அப்ப மணி என்னன்னு கேட்டாங்க. அன்னிக்கு வரைக்கும் வாட்சே கட்டாதவரு, கையப் பாத்துத்தான் சொன்னாரு... மூணு இருவதுன்னு."