வராதவன் பெயரில் ஒரு சம்மதம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். எங்கள் மலையைத் தோண்டித் தாது எடுக்க ஊரே சம்மதித்துவிட்டதாம், அதற்கான பட்டியல். என் பெயருக்கு நேரே ஒரு கைநாட்டு இருந்தது. பட்டியலில் போட்டிருந்த தேதியில் நான் சவூதியில், ஜுபைலில், பிளாண்டுக்குள் சாரம் கட்டிக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்கு நான் ஐடிஐ படித்தவன், கையெழுத்துப் போடுகிறவன். மலைக்காரன் என்றால் கட்டைவிரல்தான் என்று எவனோ முடிவு செய்திருக்கிறான்.

பழங்குடிகளின் காட்டை எடுப்பதென்றால் டெல்லியே ஆனாலும் எங்கள் கிராமசபையைக் கேட்க வேண்டும், வயது வந்தவர்களில் பாதிப் பேராவது அதில் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆண்கள் நாங்களோ திருப்பூரிலும் வளைகுடாவிலும் கிடக்கிறோம். ஆள் சேராது என்று தெரிந்த யாரோ உட்கார்ந்த இடத்திலேயே காகிதத்தில் ஊரைக் கூட்டி முடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஒரு வழக்கம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். வராதவனுக்காக அவன் பெண்டாட்டிகூட வாய் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஊரில் என் சார்பாக எவனோ 'சரி' சொல்லியிருந்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் ரூமில் கன்னியாகுமரி கடற்கரைக்காரர் ஒருவர் இருந்தார். கம்பெனியில் டைம் கீப்பர். என்னைக் 'காட்டான்' என்றுதான் கூப்பிடுவார். அதற்காகவே பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். அன்று போட்டோவைப் பார்த்தவர் சிரிக்கவில்லை.

"லேய், அன்னைக்கு நீ இங்கதானல ட்யூட்டி பாத்த? நீ பஞ்ச் அடிச்சது எங்கிட்ட கெடக்கு."

"அத வச்சி என்னண்ணே பண்றது?"

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கான். நீ சும்மா இருப்பியா? எங்க கடல்ல துறைமுகம் கெட்ட வந்தப்ப ஒருத்தனும் எங்ககிட்ட கேக்கல மக்கா. ஒங்ககிட்ட கேக்கணும்னு சட்டமாவது இருக்கு. உட்டுராத."

அந்தப் பஞ்ச் பதிவில் கம்பெனி முத்திரை கேட்டுப் போனோம். "மாஃபி", கிடையாது என்று ஆபீஸில் திருப்பி அனுப்பினார்கள். அவர் மூன்று நாள் விடாமல் நச்சரித்து வாங்கிவிட்டார். கத்தார் ராஸ் லஃபானில் ஒருவன், ஷார்ஜா முவைலாவில் ஒருவன் என்று அதே பட்டியலில் பெயர் இருந்த எங்கள் ஊர்ப் பையன்களும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அக்கா மனுவோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்தாள். அலைய விட்டார்கள். கடைசியில் பழைய பட்டியல் செல்லாது, புதிதாகக் கூட்டம் நடத்துங்கள் என்று உத்தரவு வந்தது.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு லீவு நாள். அக்கா போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். பெண்கள்தான் அதிகம், திருப்பூர்ப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அதிகாரி தலையை எண்ணினார். பாதியைத் தாண்டியிருந்தது. ரூமில் நாங்கள் கைதட்டினோம்.

அவர் ஒவ்வொரு பெயராகக் கேட்டார். "வேண்டாம்", "வேண்டாம்" என்று வந்துகொண்டே இருந்தது. என் பெயர் வந்ததும் நான் போனுக்குள்ளே கத்தினேன்: "வேண்டாம்! எனக்கும் வேண்டாம்!"

அக்கா போனைச் சட்டென்று மடியில் கவிழ்த்துவிட்டாள். இருட்டுக்குள் அவள் குரல் மட்டும் கேட்டது.

"அவன் வரலைங்க. சரின்னும் எழுதாதீங்க, வேணாமின்னும் எழுதாதீங்க. வரலைன்னே எழுதுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு அலைந்து மீட்ட வாயை இவளே அடைக்கிறாளே! டைம் கீப்பர்தான் தோளில் தட்டினார். "அவ செஞ்சதுதாம்ல சரி. அவனுவ கள்ளம் பண்ணினானுவன்னு நீங்களும் வழக்கத்த மாத்துவியளா?" யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். என் குரல் இல்லாமலே ஊர் தன் முடிவைச் சொல்லிவிட்டது.

இது டெல்லிக்குப் போகும், அங்கே கேள்வி எழுந்தால் இன்னொரு கூட்டமும் இருக்கும் என்று சொல்லிவிட்டு அதிகாரி இறங்கிப் போனார். மறுநாளே லீவ் ஃபார்ம் வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் எங்கள் கேம்பில் எல்லாரும் எழுதுவது இரண்டே விஷயம்: கல்யாணம், சாவு. ஃபோர்மேனும் கல்யாணமா என்றுதான் இந்தியில் கேட்டார்.

"க்யா பாய், ஷாதி?"

இல்லை என்று தலையாட்டினேன். இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று டைம் கீப்பரிடம் கேட்டு, என் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்: 'அரசாங்கம் என்னிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறது. நான் அங்கே இருக்க வேண்டும்.'