குசினிக்குள் காய்ந்த வெள்ளைச் சட்டைகள்

வெள்ளைக்காரன் ஆண்ட நாளில், இரண்டாம் உலக யுத்த காலத்தில், வருசத்துக்கொரு தடவை ஒரு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். இலங்கை முழுக்க, அதே வீடுகளில், அதே கேள்விகள். சனங்களின் சீவியம் எப்படி மாறுகிறதென்று அரசாங்கம் பார்க்கிறதாம். எனக்கோ அந்த மனிசனைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். அரிசி இல்லையென்று கேட்டுத்தான் அறிய வேண்டுமா?

ஆம்பிளைகள் வந்தால் நான் குசினிக்குள், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நிற்பேன். கதிரையில் அவரை இருத்தி அப்பாதான் பதில் சொல்வார். உழைக்கிறது யாரென்று கேட்டால், தான்தான் என்பார். முதல் வருசம் அது உண்மை; அப்பா மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் ஊர்த் துறைமுகத்துக்குள் வலை போடக்கூடாதென்று கடற்படை மறித்துவிட்டது. வெள்ளைக்கார மாலுமிகளின் உடுப்பை நான் தோய்த்துத்தான் அடுப்பு எரிந்தது. அடுத்த வருசமும் அப்பா தான்தான் என்றார்.

எங்கள் ஆட்களில் பிறத்தியார் அழுக்கை ஒருவரும் தொடுவதில்லை. எனக்குச் சம்பந்தம் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் அதோடு சரி. ஆகவே குசினிக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். புகை பிடித்துத் திரும்பத் தோய்த்த கூத்தும் உண்டு.

மூன்றாம் முறை வாத்தியார் படலையைத் திறந்தபோது, விறைப்புக்காக மரவள்ளிக் கஞ்சியில் முக்கியெடுத்த சட்டைகளை அவசரத்தில் பிழியாமலே கொடியில் எறிந்தேன். தண்ணீர் கதவுக்குக் கீழால் ஓடி நேரே அவர் காலடிக்குப் போனது. நன்றாய் வேண்டும் எனக்கு. அவர் காலை மெல்லத் தூக்கிக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். அப்பா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள்தான். கப்பல்காரங்கட உடுப்புத் தோய்க்கிறா. நான் சும்மா இருந்து சாப்பிடுறன்."

எனக்கு மானம் போயிற்று. இந்த அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டதா, என் கல்யாணத்தைக் குழப்பவா வாய் திறந்தார் என்று பல்லைக் கடித்தேன்.

வாத்தியார் எழுதிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஒழுங்கையில உண்மை சொன்னது நீங்கள் ஒராள்தான். மற்ற வீடுகளிலயும் உள்ளுக்குத்தான் கொடி கட்டியிருக்கு."

பகலிலும் சாத்திக் கிடக்கும் எதிர்வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது. அந்த வீட்டுப் பெட்டைகளைப் பற்றி நான் சொல்லாத நொட்டை இல்லை.

அவர் போனதும் அப்பா குசினிக்குள் வந்து ஈரச் சட்டைகளை அள்ளினார். முற்றத்தில் வலை காயப்போடும் கம்பு சும்மாதான் கிடந்தது. தெருவெல்லாம் பார்க்க, அதில் ஒவ்வொன்றாய் விரித்தார். நான் கத்தப் போனேன். அவர் திரும்பாமலே சொன்னார்:

"உன்ர உழைப்பை என்ர எண்டு சொல்ல இனி ஏலாது, பிள்ளை. போன வருசமே நாக்குக் கூசினது."

கொடியில் இன்னும் இரண்டு சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போகக் கால் வரவில்லை. இந்த மனிசனையா மூளை பிசகினவர் என்று நினைத்தேன்? அப்பாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாயிருந்தது.